மிஞ்சிய மணிமருந்து

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மல்லி வழியாகச் சிவகாசி போகும் சாலையில் விடியற்காலையிலேயே கம்பெனி வண்டிகள் ஓடத் தொடங்கிவிடும். வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் பக்கத்து ஊர்களில் ஏறியவர்கள் மடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் இறங்குகிற பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், மருந்து கலக்கும் வேலை வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். அப்படி ஒரு காலையில் உருவாகும் மணிமருந்து எங்கெங்கே போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. வானத்தில் பூவாக விரிகிற மணிமருந்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். நான் பின்தொடர நினைப்பது விரியாமல் மிஞ்சிப்போனதை.

பேன்சி ரகப் பட்டாசு மேலே போய் வெடிக்கும்போது பச்சையும் சிவப்புமாகச் சிதறுகிற ஒவ்வொரு பொறியும் தரையில் இருக்கும்போது ஒரு சிறு உருண்டை. அந்த உருண்டைதான் மணிமருந்து. அலுமினியப் பவுடர், கந்தகம், நிறத்துக்கு ஏற்ற உப்பு, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை மாவு, தண்ணீர். பச்சை நிறம் வேண்டுமென்றால் பச்சை உப்பு என்று இங்கே சொல்கிற பேரியம் நைட்ரேட் (அதற்குத் தடை வந்ததைப் பின்னால் சொல்கிறேன்). அலுமினியத்தைத் தூளாக்கும் ஆலை திருமங்கலத்திலேயே இருக்கிறது. கந்தகம் பெரும்பாலும் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பில் பிரித்தெடுக்கப்பட்டு வருகிறது. மூட்டை மூட்டையாகத் தனித்தனி அறைகளில் இருக்கும்வரை இவற்றைக் காப்பது கடினமில்லை. கலந்த பிறகு கதை வேறு. நைட்ரேட் தன்னிடமே ஆக்சிஜனை வைத்திருக்கிறது, அலுமினியமும் கந்தகமும் எரிபொருள். எரிவதற்கு வெளிக்காற்றே தேவையில்லாத ஒரு பொருள் உருவாகிவிடுகிறது. அதனால்தான் மணலைக் கொட்டி மூடினாலும் பற்றிய மருந்து அணைவதில்லை.

இந்தப் பிறப்புக்குச் சட்டம் நிறையக் காவல் வைத்திருக்கிறது. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம், 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள், அளவைப் பொறுத்து மத்திய வெடிபொருள் துறையின் நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், மாவட்ட வருவாய் அலுவலர் தருகிற டி.ஆர்.ஓ. லைசென்ஸ். அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு, உடம்பில் பருத்தித் துணி, இரும்புக் கருவிக்குத் தடை, உடம்பில் ஏறும் நிலைமின்சாரத்தை இறக்க வாசலில் ஓர் உலோகத் தகடு. விதிமீறலால் நடந்த விபத்துகளைப் பற்றிப் படித்துப் படித்து இந்த விதிகள் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம்.

மாலையில் என்ன நடக்கிறது என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படாத பகுதி. பகலெல்லாம் மேடையில் காய்ந்த உருண்டைகள் குழாய்க்குள் போய்விட்டன. தட்டின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. சல்லடையில் ஒட்டியது கொஞ்சம், உடைந்த உருண்டைகள் கொஞ்சம், தரையைப் பெருக்கி அள்ளிய தூள் கொஞ்சம். மேகம் போட்டதால் சரியாகக் காயாத ஒரு தட்டும் இருக்கலாம். மிஞ்சியதை அன்றைக்கே அழித்துவிட வேண்டும் என்பதுதான் தொழிலின் அடிப்படைப் பாடம். ஆனால் பீஸ் கணக்கில் கூலி வாங்குகிற ஆளுக்கு அழிக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. உள்குத்தகைக்கு அறைகளை எடுத்தவருக்கு மருந்தைக் கொட்டுவது பணத்தைக் கொட்டுவதாகத் தோன்றும். வண்டி கிளம்பும் நேரமும் நெருங்கிவிட்டது. தட்டை மூலையில் வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பூட்டிய அறைக்குள் அந்தத் தட்டில் நடப்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அலுமினியத்துக்குத் தண்ணீரோடு வினைபுரியும் குணம் உண்டு. அதன் மேல் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு தோல்தான் அதைத் தடுத்துவைக்கிறது. ஈரத்தில் காரத்தன்மை ஏறினால் அந்தத் தோல் கரைந்துவிடும். உள்ளே இருக்கும் உலோகம் தண்ணீரோடு சேர்ந்து சூட்டையும் ஹைட்ரஜனையும் வெளிவிடும். பக்கத்தில் நைட்ரேட் இருப்பதால் அமோனியாவும் உண்டாகும். அமோனியா ஈரத்தில் கரைந்து காரத்தன்மையை இன்னும் கூட்டும், காரம் கூடக்கூட வினை வேகமெடுக்கும். சூடு வெளியேற வழியில்லாமல் தூள் குவியலாகக் கிடந்தால் உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் தானே தீப்பிடிக்கும். இதைத் தடுப்பதற்கென்றே கலவையில் சிட்டிகை போரிக் அமிலம் சேர்ப்பார்கள். அதைச் சேர்க்க மறந்தாலோ, சேர்த்தும் ஈரம் நீண்ட நேரம் நின்றாலோ ஆபத்துதான். மருந்து நீர்த்துப்போய் வெடித்தது என்று மறுநாள் நாளிதழில் வருகிற ஒற்றை வரிக்குள் இவ்வளவும் அடக்கம். காலையில் கதவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை அடித்தாலோ, தட்டு லேசாகச் சுட்டாலோ உள்ளே ஒரு அடிகூட வைக்காமல் திரும்பிவிட வேண்டும். இதை ஒவ்வொரு பயர் ஆபீஸ் வாசலிலும் எழுதிவைக்கச் சொல்வேன்.

சரி, பொறுப்பானவர்கள் அன்றைக்கே அழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எப்படி அழிப்பது? வெடியுப்பும் கரியும் கந்தகமும் மட்டும் சேர்ந்த கருமருந்தை நிறையத் தண்ணீரில் மூழ்கடிக்கலாம். வெடியுப்பு கரைந்து பிரிந்துவிடும், மீதி வெறும் கரியும் கந்தகமும்தான். அதே பழக்கத்தில் அலுமினியம் சேர்ந்த மணிமருந்தின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்தால் மேலே சொன்ன வினையை நாமே தொடங்கிவைத்ததாகிவிடும். அரைகுறை ஈரம் உலர்ந்த நிலையைவிடக் கெட்டது. எரிப்பதென்றாலும் குவியலாக எரிக்கக் கூடாது. மெல்லிய பட்டையாகத் தரையில் பரப்ப வேண்டும், காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும், தூரத்திலிருந்து பற்றவைக்க வேண்டும், சூடு தணியாத இடத்தில் அடுத்த தட்டைக் கொட்டக் கூடாது. தரையில் பெருக்கிய தூளில் எந்தெந்த உப்பு கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை உரசலிலேயே பற்றும் என்பதால் 1992-லேயே அது தடை செய்யப்பட்டது. கள்ளத்தனமாகக் குளோரேட் புழங்கும் இடத்தில் தரைத்தூளைத் துடைப்பத்தால் கூட்டுவதே உயிரைப் பணயம் வைக்கும் காரியம்.

இவ்வளவு நுணுக்கமான வேலையை யார் செய்கிறார்கள்? மருந்து கலப்பதற்குப் பயிற்சியும் சான்றும் பெற்ற போர்மேன் வேண்டும் என்கிறோம். கழிவுப் பட்டாசைக் குழிக்குக் கொண்டுபோய்க் கொளுத்துவதற்குப் பல இடங்களில் கையில் வேலையில்லாமல் நிற்கிற யாரோ ஒருவர் போதும் என்று ஆகிவிட்டது. என் ஆற்றாமை இதுதான். ஆக்குவது தொழில், அழிப்பது எடுபிடி வேலை என்று பிரித்துவிட்டோம்.

இந்தப் பிரிவினை நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில், வைக்கேலே என்ற இடத்தில், 2011 ஏப்ரல் 8-ஆம் தேதி ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்கள் பட்டாசு செய்தவர்கள் அல்ல. அரசு பறிமுதல் செய்த பட்டாசை அழிக்க ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் ஆட்கள். முதலில் பட்டாசுகளை முழுசாக டீசலில் ஊறவைத்து எரித்தார்கள். டீசல் உள்ளே ஊறாததால் எரிக்கும்போது சில வெடித்தன. சரி, பிரித்து ஊறவைப்போம் என்று ஒவ்வொன்றாக அறுத்து, உள்ளிருந்த கருமருந்தைத் தனியாகவும் வாணக் குண்டுகளைத் தனியாகவும் பெட்டிகளில் சேர்த்தார்கள். ஆபத்தைக் குறைக்க எடுத்த நடவடிக்கையால் ஒரே இடத்தில் வெடிமருந்து குவிந்துகொண்டே போனது. அன்று மழை வந்தது. பொருளையெல்லாம் சுரங்கக் கிடங்கின் வாய்க்குள் நகர்த்திவிட்டு அவர்களும் அங்கேயே ஒதுங்கியபோது வெடித்தது. அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் 2013-ல் வெளியிட்ட விசாரணை அறிக்கை ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னது: பட்டாசு தயாரிக்க, விற்க, கொண்டுபோக விதிகள் உண்டு, பாதுகாப்பாக அழிப்பதற்கென்று அந்த நாட்டில் ஒரு தரநிலையும் இல்லை.

அழிப்பதற்கென்றே உலகம் ஒன்றுகூடி விதி எழுதிய பொருள் ஒன்று உண்டு. அது ரசாயன ஆயுதம். 1997 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. தன்னிடம் 1,044 டன் மஸ்டர்டு நச்சு இருப்பதாக அந்த ஆண்டே அறிவித்து, 2009 மார்ச்சுக்குள் முழுவதையும் அழித்து முடித்தது. அல்பேனியாவுக்கும் தென்கொரியாவுக்கும் அடுத்து மூன்றாவதாக இதைச் செய்து முடித்த நாடு நம்முடையது. அந்த உடன்படிக்கை ஆயுதத்தை அழிக்கச் சொன்னதோடு நிற்கவில்லை. அழிக்கும்போது மக்களின் பாதுகாப்புக்கும் சுற்றுச்சூழலுக்கும் தலையாய இடம் தர வேண்டும் என்றது. மூன்று வழிகளைப் பெயர் சொல்லியே மறுத்தது: நீர்நிலையில் கொட்டக் கூடாது, மண்ணில் புதைக்கக் கூடாது, திறந்த குழியில் எரிக்கக் கூடாது.

மணிமருந்தின் கடைசிப் பயணம் இந்த மூன்றில் ஒன்றில்தான் முடிகிறது என்பதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. இரண்டும் ஒரே ஆபத்து இல்லை, உண்மைதான். நுரையீரலை அரிக்கும் மஸ்டர்டை ஆண்டுக்கணக்கில் பூட்டிவைத்து நிதானமாகத் திட்டமிடலாம். நீர்த்துப்போகிற மருந்தை ஒரு ராத்திரிகூட வைக்க முடியாது. சிறு அளவில், மெல்லிய பட்டையாக, தெரிந்தவர் மேற்பார்வையில் எரிப்பது பல நேரங்களில் இருக்கிற வழிகளில் நல்ல வழிதான். ஆனால் ரசாயன ஆயுதத்தை அழித்தவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய இயந்திரத்தை அல்ல, மனிதரைப் பற்றிய கணக்கை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் புவெப்லோ என்ற இடத்தில் 2,600 டன்னுக்கும் மேற்பட்ட மஸ்டர்டை 2023 ஜூனில் அழித்து முடித்தார்கள். எரித்தால் புகை எங்கள் பிள்ளைகள் மேல் படியும் என்று கொலராடோவிலும் கென்டக்கியிலும் சுற்றுவட்டார மக்கள் பல ஆண்டுகள் போராடியதால்தான் அங்கே சூளை வரவில்லை. குண்டை இயந்திரக் கை பிரித்தது. உள்ளிருந்ததைச் சூடான நீரில் சிதைத்து, மிஞ்சிய கரைசலை நுண்ணுயிர்களுக்குத் தீனியாகக் கொடுத்தார்கள். பிரிக்க முடியாத குண்டுகளை ஆள் தொடாமல் மூடிய எஃகு அறையில் வெடிக்கவைத்தார்கள். காற்றில் எவ்வளவு மஸ்டர்டு இருக்கலாம் என்பதற்கு அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2004-ல் அளவுகளைத் திருத்தியது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வேலைசெய்யும் தொழிலாளிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 0.0004 மில்லிகிராம். வேலிக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு 0.00002 மில்லிகிராம், அதாவது இருபதில் ஒரு பங்கு. தொழிலாளி திடமான உடம்புள்ள பெரியவர், வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகிறவர். ஊரில் கைக்குழந்தை இருக்கிறது, கர்ப்பிணி இருக்கிறாள், இளைப்புக்காரக் கிழவர் இருக்கிறார், இருபத்து நான்கு மணி நேரமும் அதே காற்றைச் சுவாசிக்கிறார்கள். அந்த நியாயம்தான் அளவை இறக்கியது. அலபாமாவில் ஆனிஸ்டன் நகரைச் சுற்றியிருந்த பள்ளிகளில் நச்சுக்காற்று உள்ளே நுழையாதபடி காற்றழுத்தத்தைக் கூட்டும் ஏற்பாடு செய்துகொடுத்தார்கள். ஆயுதக் கிடங்கு இருந்த மாநிலங்களில் குடிமக்கள் குழு அமைத்து, ஒன்பது உறுப்பினரில் ஏழு பேர் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்று அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டது.

நம் மாவட்டத்தில் ஊருக்கும் மருந்துக்கும் இடையே இப்படி ஒரு தூரத்தை யார் காத்தார்கள்? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் தீப்பிடித்தபோது ஓடிப்போய்ப் பார்த்தவர்களும் காப்பாற்றப் போனவர்களும்தான் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். இறந்தவர்கள் 40 பேர் அளவில். 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் வேனில் பட்டாசு ஏற்றும்போது பற்றிய தீயின் புகை பக்கத்திலிருந்த ஸ்கேன் சென்டருக்குள் புகுந்து, வயிற்றுவலிக்கும் பரிசோதனைக்கும் வந்தவர்களை மூச்சுத்திணறிச் சாகடித்தது. அவர்களில் யாரும் மருந்தைத் தொட்டவர்கள் இல்லை. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அப்போது உள்குத்தகை பற்றி நிறையப் பேசினோம். மிஞ்சிய மருந்து பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை.

மிஞ்சுவது ஆலைக்குள் மட்டுமில்லை. வீட்டுத் திண்ணையில் பட்டாசுக்கு வைக்கிற கருந்திரி திரிக்கிறார்கள், தகரக் கொட்டகையில் லைசென்ஸ் இல்லாமல் பட்டாசு செய்கிறார்கள். போலீஸ் பிடித்தால் அது வழக்குச் சொத்து. மாவட்ட நீதிமன்றம் இருப்பது எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில். வழக்குச் சொத்தை அழிக்க நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும், மாதிரி எடுக்க வேண்டும், வெடிகுண்டு நிபுணர்கள் வர வேண்டும். அந்த நாள் வரும்வரை மருந்து எங்கோ ஓரிடத்தில் காத்திருக்கிறது. ஐப்பசி மழையின் ஈரம் அதற்கும் உண்டு. பிடிபட்ட கருந்திரியை வெறும் சாட்சிப் பொருளாக நினைக்காமல் நேரம் குறித்த ஆபத்தாக நினைத்து, சில நாட்களுக்குள் அழிக்க ஒரு நிலையான நடைமுறை வேண்டும். மாதிரியும் படமும் வழக்குக்குப் போதும்.

அழிந்த பிறகும் மணிமருந்தின் பயணம் முடிவதில்லை. எரிந்த குழியில் பேரியம் அழியாது. தனிமம் அது, எரித்தாலும் உருமாறுமே தவிரப் போய்விடாது. தண்ணீரில் கரையும் பேரியம் உடம்புக்குள் போனால் ரத்தத்திலுள்ள பொட்டாசியத்தைக் குறைத்து, தசையைத் தளரவைத்து, இதயத்துடிப்பைக் குலைக்கும். ஆனால் சல்பேட்டோடு சேர்த்துவிட்டால் அதே பேரியம் தண்ணீரில் கரையாத வெள்ளைத் தூளாகிவிடும். எக்ஸ்ரேவுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் குடிக்கக் கொடுக்கிற பேரியம் கஞ்சி அந்தத் தூள்தான், குடலில் அப்படியே கடந்து போய்விடும். ஆக, கழுவிய தண்ணீரையும் குழிச் சாம்பலையும் மலிவாகக் கிடைக்கும் சோடியம் சல்பேட்டால் கட்டிப்போட ஒரு எளிய வழி இருக்கிறது. மஸ்டர்டைச் சூடான நீரால் சிதைத்ததும் இந்த மாதிரி சிந்தனைதான்: நச்சை வேறிடத்துக்குத் துரத்தாமல் அதன் குணத்தை மாற்றுவது.

2018 அக்டோபர் 23-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது, 2021 அக்டோபரில் அதை மறுபடி உறுதிப்படுத்தியது. தடை வந்த நாளில் மூட்டையில் இருந்த பச்சை உப்பும், தட்டில் இருந்த மணிமருந்தும், பெட்டியில் இருந்த பட்டாசும் ஒரே உத்தரவில் கழிவாகிவிட்டன. அதை எங்கே, யார், எந்தக் கவசத்தோடு அழிப்பது என்ற கேள்வி முதலாளிக்கும் போர்மேனுக்கும் விடப்பட்டது. சின்ன டி.ஆர்.ஓ. லைசென்ஸ்காரர் தனியாக இதைச் செய்ய முடியாது. வட்டாரத்துக்கு ஒன்றாக, ஊருக்கு வெளியே, வேலி போட்டு, கழிவுத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் தொட்டியோடு ஒரு பொது அழிப்புக் களம் வேண்டும். மருந்தைச் சாலையில் கொண்டுபோவதே ஆபத்து என்பதால், நீர்த்துப்போகக்கூடிய மிச்சத்தை ஆலைக்குள்ளேயே அன்றாடம் அழித்துவிட்டு, கெட்டுப்போன முழுப் பட்டாசையும் சாம்பலையும் தண்ணீரையும் மட்டும் களத்துக்கு அனுப்பலாம். அன்றாட அழிப்புக்குக் கடைசி ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, பீஸ் கணக்கில் சேராத கூலி கொடுக்க வேண்டும். அழிக்கிறவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். சிவகாசி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அவருடைய நுரையீரலும் ரத்தப் பொட்டாசியமும் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டு எழுதப்பட வேண்டும். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி தீக்காய வார்டுகளுக்குத் தேவைப்படுவது குறைய வேண்டுமானால் இந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும்.

வேலிக்கு வெளியே இருப்பவர்களுக்கு என்ன அளவு என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. குடிநீரில் பேரியம் லிட்டருக்கு 0.7 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். குழிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கிணறுகளிலும் போர்களிலும் ஐப்பசிக்கு முன்னால் ஒரு முறையும் தை மாதத்தில் ஒரு முறையும் தண்ணீர் எடுத்துச் சோதித்து, மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அந்த எண்ணைக் கிராம சபையில் வாசித்துக் காட்டட்டும். மல்லியிலிருந்து சாத்தூர் வரை எந்த ஊர்க் கிணற்றில் எவ்வளவு என்று அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியட்டும்.